கோரல் டச்சஸுக்கு எத்தனை மணிக்குப் போவது

நெல்டா கிரைம்ஸ் தன் அறுபத்தெட்டு வயதுவரை எங்கேயும் தாமதமாகப் போனதில்லை. சரியான நேரத்துக்குப் போனதும் இல்லை. டெக்சஸில் லிபர்ட்டி என்கிற அந்த ஊரில் யார் வீட்டு விருந்தானாலும், மேசைவிரிப்பை உதறிப் போடுவதற்கு முன்பே வாசலில் வந்து நிற்கிற ஆள் அவள்தான். விவரம் தெரிந்தவர்கள் அவளை அழைக்கும்போது மட்டும் ஒரு மணி நேரம் தள்ளிச் சொல்வார்கள். அப்படிச் சொல்கிறார்கள் என்பது அவளுக்கும் தெரியும். அதனால் இரண்டு மணி நேரம் முன்னதாகக் கிளம்புவாள்.

ஒருமுறை கணவர் ஹாலிஸின் பெரியப்பா இறந்துபோனார். அடக்க ஆராதனை பதினொரு மணிக்கு. நெல்டா ஒன்பதரைக்கே போய் முன்வரிசையில் உட்கார்ந்துவிட்டாள். பாட்டுப் பாடினாள், அழுதாள், வருகைப் புத்தகத்தில் கையெழுத்துப் போட்டாள், கைம்பெண்ணைக் கட்டிக்கொண்டு, "அவர மாதிரி மனுஷர் இனி வர மாட்டாங்க" என்றாள். எழுந்து பெட்டிக்குள் எட்டிப் பார்த்தபோதுதான் உள்ளே படுத்திருந்தவர் மீசை வைத்திருந்தது தெரிந்தது. பெரியப்பாவுக்கு மீசை கிடையாது. அது ஒன்பதரை மணி அடக்கம். அந்தக் கைம்பெண் இன்றைக்கும் ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் நெல்டாவுக்கு வாழ்த்து அட்டை அனுப்புகிறாள்.

பார்த்த வேலை அப்படி. பள்ளிக்கூட பஸ் டிப்போவில் கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து, நாற்பத்தேழு பஸ்களை ரேடியோவில் நடத்துகிற வேலை. இருபத்தொன்பது வருஷம் பார்த்தாள். எந்தத் தெருவில் எந்தப் பஸ் எத்தனை நிமிஷம் பிந்தி ஓடுகிறது, எந்த ஓட்டுநர் காப்பிக் கடையில் நின்றுகொண்டு ரயில்வே கேட்டில் நிற்பதாகப் பொய் சொல்கிறார் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. குரலை உயர்த்த மாட்டாள். ஆனால் அந்தக் குரல் ரேடியோவில் வந்தால், காப்பியைப் பாதியில் கொட்டிவிட்டு வண்டியை எடுப்பார்கள்.

ஹாலிஸ் நேர் எதிர். புல்வெட்டும் இயந்திரங்களைப் பழுதுபார்க்கும் கடை வைத்திருந்தார். அந்த மனிதர் அவசரப்பட்டு யாரும் பார்த்ததில்லை. இரண்டு மணிக் கல்யாணத்துக்கு நெல்டா காலை எட்டு மணிக்கே தேவாலயத்துக்கு வந்துவிட்டாள். மாப்பிள்ளை வந்தது இரண்டு இருபதுக்கு, முழங்கால்வரை சேற்றோடு. வழியில் எவனோ ஒருவனுடைய படகு பள்ளத்தில் இறங்கியிருந்ததாம், கூட நின்று தூக்கிவிட்டு வந்தாராம். படகுக்காரனையும் கையோடு கல்யாணத்துக்குக் கூட்டி வந்திருந்தார். அவர்களுக்கு ஒரே மகள். டாக்டர் குறித்த நாளைக்குப் பதினோரு நாள் கழித்துப் பிறந்தாள். "அப்பனைக் கொண்டிருக்கா" என்றாள் நெல்டா, பிரசவ அறையிலேயே.

வேலையிலிருந்து ஓய்வு பெறுவதற்குச் சில வருஷம் முன்பு இருவருக்கும் கப்பல் பயணப் பைத்தியம் பிடித்தது. கால்வெஸ்டன் துறைமுகம் ஒன்றரை மணி நேரத் தொலைவு. அங்கே ஏறினால் மெக்சிகோ பக்கம் ஐந்து நாள் சுற்றிவிட்டு அதே இடத்தில் இறங்கலாம். வருஷத்துக்கு ஒன்று, சில வருஷம் இரண்டு. பதினேழாவது பயணம் முடிந்த மாதம் தபாலில் ஒரு உறை வந்தது. உள்ளே தங்க நிறத்தில் இரண்டு அட்டைகளும் ஒரு கடிதமும். இதுவரை அவர்களுக்கு வெள்ளி அட்டைதான். வெள்ளிக்காரர்கள் நிறுவனம் குறித்துக் கொடுக்கிற நேரத்துக்கு வந்து பொது வரிசையில் நிற்க வேண்டும். தங்கத்துக்குத் தனி வரிசை, தனி வாசல். கடிதத்தில் ஒரு வாக்கியம் தடித்த எழுத்தில் இருந்தது: இனி நீங்கள் விரும்பிய நேரத்தில் துறைமுகத்துக்கு வரலாம்.

இந்த ஒரு வாக்கியத்தை வைத்து அந்த வீட்டில் மூன்று வாரம் சண்டை நடந்தது.

"விரும்பின நேரத்துக்கு வரலாம்னு போட்டிருக்கான்," என்றார் ஹாலிஸ். "அப்படின்னா மத்தியானம் சாப்பிட்டு, ஒரு குட்டித் தூக்கம் போட்டுட்டு, ரெண்டரைக்குப் போலாம்னு அர்த்தம்."

"விரும்பின நேரம்னா, யாரும் வராத நேரம்னு அர்த்தம்."

"யாரும் வராத நேரத்துல போறதுக்கு அட்டை எதுக்கு நெல்டா? அது அட்டை இல்லாமலே போலாமே. பதினேழு தடவ போனோமே."

"பதினேழு தடவையும் எனக்கு முன்னால தங்கக்காரன் ஒருத்தன் உள்ள போனான். இந்தத் தடவ எவனும் போகக் கூடாது. கப்பல்ல முதல் கால் என் காலா இருக்கணும்."

ஹாலிஸின் தங்கை ட்வைலா இந்தப் பயணத்தில் கூட வருவதாக இருந்தது. பேடவுனில் முடி திருத்தும் கடை வைத்திருக்கிறவள். அண்ணன் குடும்பத்துச் சண்டைகளைப் பக்கத்தில் உட்கார்ந்து ரசிப்பதென்றால் அவளுக்கு அலாதிப் பிரியம். போனில் நெல்டா நியாயம் கேட்டபோது, "நீ முதல் நாளே போய்க் கப்பல் கயிறப் பிடிச்சுக்கிட்டு நில்லு. நாங்க பின்னால வர்றோம்" என்றாள்.

அவள் கேலிக்குச் சொன்னது பாதி நடந்தது. பயணத்துக்கு முதல் நாளே மூவரும் கால்வெஸ்டன் போய்க் கடற்கரைச் சாலையில் ஒரு விடுதியில் தங்கினார்கள். அங்கிருந்து துறைமுகம் பத்து நிமிஷம்.

பிப்ரவரி மாதம். காலையில் எழுந்து திரையை விலக்கிய ட்வைலா கண்ணாடியைக் கையால் துடைத்துப் பார்த்தாள். பிறகு, "கடல யாரோ எடுத்துட்டுப் போயிட்டாங்க" என்றாள்.

எதிரே சாலையே தெரியவில்லை. மூடுபனி ஜன்னல்வரை வந்து ஒட்டிக்கொண்டு நின்றது. கீழே சிற்றுண்டி அறையில் ஹாலிஸ் வாஃபிள் சுடுகிற இயந்திரத்தில் மாவை ஊற்றிவிட்டு, அது கூவுவதற்காகக் காத்திருந்தார். நெல்டா கையில் கார் சாவியோடு, கழுத்தில் மூன்று பேருடைய பாஸ்போர்ட்டும் போட்ட பையோடு அவர் முதுகுக்குப் பின்னால் நின்றாள்.

"மணி ஏழே முக்கால்."

"தெரியும். இது ரெண்டு நிமிஷத்துல வெந்துடும்."

"இது மூணாவது."

"முதல் ரெண்டும் பசிக்கு. இதுதான் ருசிக்கு."

மூன்றாவதை ஒரு காகிதத்தில் சுற்றி அவர் கையில் கொடுத்து, காரில் ஏற்றினாள்.

துறைமுக வாசலில் எட்டேகாலுக்குப் போய் நின்றார்கள். காவலாளி பனிக்குள்ளிருந்து மெல்ல வெளிப்பட்டார். முதலில் அவருடைய தொப்பி தெரிந்தது, அப்புறம் அவர்.

"மேடம், கப்பல் இன்னும் வரல."

"எப்ப வரும்?"

"பனி விலகினா வரும். ராத்திரியெல்லாம் வெளிக்கடல்ல நிக்குது. வழி தெரியாம உள்ள கொண்டுவர முடியாதுன்னு கால்வாய மூடி வச்சிருக்காங்க. கப்பல்ல ஏற்கெனவே மூவாயிரம் பேர் இறங்கக் காத்துக்கிட்டிருக்காங்க."

"அப்ப நாங்கதான் முதல்ல வந்திருக்கோமா?"

காவலாளி பனியைப் பார்த்தார். நெல்டாவைப் பார்த்தார். "இல்லாத கப்பலுக்கு நீங்கதான் மேடம் முதல் ஆள்."

பின்னிருக்கையில் ட்வைலா வாயைப் பொத்திக்கொண்டாள். அதே நேரம் ஹாலிஸின் போன் சிணுங்கியது. அவர் கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டு நிதானமாகப் படித்தார். "கோரல் டச்சஸ் கப்பல் தாமதம். பயணிகள் யாரும் மூணு மணிக்கு முன்னால துறைமுகத்துக்கு வர வேண்டாம்."

"அது வெள்ளி அட்டைக்காரங்களுக்கு."

"தங்க அட்டை உறுப்பினரான அன்புள்ள ஹாலிஸ்னு ஆரம்பிக்குது."

நெல்டா காதில் போட்டுக்கொள்ளவில்லை. வண்டியை நிறுத்துமிடத்தில் விட்டு, நிலைய வாசலுக்கு வந்து, 'முன்னுரிமை' என்று பலகை வைத்திருந்த இடத்தில் கயிற்றை ஒட்டி நின்றுகொண்டாள். சுற்றிலும் ஒரு ஈ காக்கை இல்லை.

அரை மணி கழித்து, மடக்கு நாற்காலியைத் தோளில் மாட்டிக்கொண்டு உயரமான ஒரு கிழவர் வந்தார். நெல்டாவைப் பார்த்ததும் நின்றுவிட்டார். பெயர் டெல்மர் ஃபோன்ட்னோ. போர்ட் ஆர்தரில் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்.

"நீங்க நிக்கிறது என் இடம்," என்றார்.

"நான் எட்டேகாலுக்கு வந்தேன்."

"நான் எட்டே முக்காலுக்கு வருவேன். 2011லருந்து எட்டே முக்காலுக்கு வந்து அந்த இடத்துலதான் நிக்கிறேன். இது என் நாப்பத்திரெண்டாவது பயணம்."

"அப்ப நாப்பத்திமூணாவதுக்கு எட்டு மணிக்கு வாங்க," என்றாள் நெல்டா.

டெல்மர் இரண்டாவது இடத்தில் நாற்காலியை விரித்து உட்கார்ந்தார். முக்கால் மணி நேரம் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தார். பிறகு, யாரிடமோ சொல்வது போல, "வண்டிய எங்க விட்டீங்க? வடக்குப் பக்கமா?" என்றார். வடக்கில்தான் விட்டிருந்தாள், அங்கிருந்து வருகிற பஸ்தான் வாசலுக்கு அருகில் நிற்கும் என்று சொன்னாள். அவருக்கும் அது தெரிந்திருந்தது. எந்தச் சாமான்காரர் பெட்டியை முதலில் தூக்குவார், பாதுகாப்புச் சோதனையில் எந்த இயந்திரம் சீக்கிரம் நகரும், உள்ளே போனதும் எந்தப் படிக்கட்டில் ஏறினால் சாப்பாட்டுக் கூடத்தை முதலில் பிடிக்கலாம் என்று இரண்டு பேரும் மாற்றி மாற்றிக் கேட்டுத் தேர்வு வைத்துக்கொண்டார்கள். நாற்பத்திரண்டு வருஷக் கல்யாண வாழ்க்கையில் ஹாலிஸோடு இவ்வளவு மனம்விட்டு இந்த விஷயத்தை அவள் பேசியதில்லை.

ஹாலிஸும் ட்வைலாவும் பதினொரு மணிக்கு இறால் சாப்பிடப் போனார்கள். நெல்டா வர மாட்டேன் என்றாள். பன்னிரண்டரைக்கு அவர்கள் ஒரு பொட்டலத்தோடு திரும்பியபோது அந்த இடமே மாறிப்போயிருந்தது. செய்தியில் மூன்று மணி என்று சொன்னால் பன்னிரண்டுக்கே போனால் நல்லது என்று தோன்றியவர்கள் நெல்டா ஒருத்தி மட்டுமில்லை. டெக்சஸின் நாலா பக்கத்திலிருந்தும் அப்படிப்பட்டவர்கள் வந்து சேர்ந்திருந்தார்கள். அவர்களில் முக்கால்வாசிப் பேர் கழுத்தில் தங்க அட்டை தொங்கியது.

ட்வைலா இரண்டு பக்கமும் நடந்து பார்த்துவிட்டு வந்தாள். "நெல்டா, அட்டை இல்லாதவங்க வரிசையில பன்னெண்டு பேர் நிக்கிறாங்க. உங்க வரிசை மூலையத் தாண்டி ரோட்டுக்குப் போயிருச்சு. இப்ப அந்தப் பக்கம் போனா நாம பதிமூணாவது."

"இங்க முதலாவது."

"ரெண்டு கதவும் ஒரே நேரத்துல திறப்பான்."

"திறக்கட்டும். எது முன்னுரிமைன்னு பலகையில எழுதியிருக்கு."

ஒரு மணிக்குப் பனி விலகத் தொடங்கியது. முதலில் தண்ணீர் தெரிந்தது. அதன் மேல் பத்து மாடிக் கட்டிடம் ஒன்று நகர்ந்து வந்துகொண்டிருந்தது. வரிசையில் நின்றவர்கள் கை தட்டினார்கள். இரண்டு மணிக்குமேல், ராத்திரி முழுக்கக் கடலில் காத்திருந்து எரிச்சலான மூவாயிரம் பேர் பெட்டிகளை இழுத்துக்கொண்டு இறங்கி வந்தார்கள். அதிலிருந்துதான் குழப்பம் ஆரம்பித்தது.

இறங்கியவர்களை வாகன நிறுத்தத்துக்கும் ஹூஸ்டன் விமான நிலையத்துக்கும் கொண்டுபோக வேண்டிய பஸ்கள் வாசலுக்கு வர முடியவில்லை. தங்க வரிசையின் வால் பஸ் பாதைக்குக் குறுக்கே கிடந்தது. முதல் பஸ் திரும்ப இடமில்லாமல் நின்றது. அதன் வாலை ஒட்டி ஏழாம் நம்பர், அதை ஒட்டி எட்டு என்று பின்னால் பத்து பஸ்கள். அவற்றின் பின்னால், உறவுக்காரர்களை ஏற்றிக்கொள்ள வந்த கார்கள். எல்லோரும் ஹாரன் அடித்தார்கள். நடைபாதையில் குழந்தைகள் அழுதார்கள். ஆரஞ்சு அங்கி போட்ட ஒரு பெண் இரண்டு கையிலும் இரண்டு ரேடியோ வைத்துக்கொண்டு அங்குமிங்கும் ஓடிக்கொண்டிருந்தாள்.

நெல்டா கயிற்றைப் பிடித்தபடி பஸ்களை எண்ணினாள். ஒரு காலை மாற்றி ஒரு காலில் நின்றாள்.

"அந்த ஏழாம் நம்பர் முப்பதடி பின்னால போனா எல்லாம் சரியாயிடும்," என்றாள்.

"யாராச்சும் பாத்துக்குவாங்க," என்றார் ஹாலிஸ்.

"யாரும் பாத்துக்கல ஹாலிஸ். நான்தான் பாத்துக்கிட்டே இருக்கேனே."

இன்னும் ஐந்து நிமிஷம் பொறுத்தாள். பிறகு டெல்மரிடம் திரும்பி, "பத்து நிமிஷம் என் இடத்தப் பாத்துக்கங்க" என்றாள்.

டெல்மர் யோசித்தார். "பத்து நிமிஷம்னா சரி," என்றார்.

ஆரஞ்சு அங்கிப் பெண்ணின் பெயர் மரிசெலா. முப்பத்தைந்து வயதிருக்கும். அவளோடு வேலை செய்ய வேண்டிய ஆள் தீவுக்கு வருகிற பாலத்து நெரிசலில் மாட்டிக்கொண்டிருந்தார். எதிரே வந்து நின்ற நெல்டாவைப் பார்த்து, "மேடம், தயவுசெஞ்சு வரிசைக்குப் போங்க" என்றாள்.

"போறேன். அந்த ஏழாம் நம்பர முப்பதடி பின்னால எடுக்கச் சொல்லிட்டீங்கன்னா போயிடறேன்."

"அது பின்னால போனா எட்டு இடிக்கும்."

"எட்டு வலது பக்கம் ஒடிச்சா இடிக்காது. வலது பக்கம் பன்னெண்டடி காலியா இருக்கு. அவருக்குத் தெரியாது, கண்ணாடியில தூண் மறைக்குது."

மரிசெலா எட்டாம் நம்பர் பஸ்ஸைப் பார்த்தாள். தூண் மறைத்துக்கொண்டுதான் இருந்தது. ரேடியோவில் சொன்னாள். எட்டு ஒடித்தது, ஏழு பின்வாங்கியது. முதல் பஸ் வளைந்து வாசலுக்கு வந்து கதவைத் திறந்தது. பெரிய அதிசயம் ஒன்றுமில்லை. ஆனால் ஒரு மணி நேரத்தில் அங்கே உருப்படியாக நடந்த முதல் காரியம் அது.

"நீங்க யாரு மேடம்?"

"ஸ்கூல் பஸ் ஓட்டினேன். உக்காந்த இடத்துலருந்து. நாப்பத்தேழு பஸ்."

மரிசெலா ஒரு ரேடியோவை அவள் கையில் திணித்துவிட்டு வரிசையின் பக்கம் ஓடினாள்.

"யாரு பேசறது?" என்று கேட்டார் ஒரு ஓட்டுநர், புதுக் குரலைக் கேட்டு.

"உங்களப் பாத்துக்கிட்டிருக்கிறவ. போன வச்சிட்டு வண்டிய எடுங்க."

ரேடியோவில் இன்ஜின் கிளம்புகிற சத்தம் கேட்டது. பிறகு, "சரிங்க மேடம்" என்று வந்தது.

தங்க வரிசையின் வாலை மடக்கிச் சுவரோரமாக நிறுத்துவதுதான் பெரும்பாடாக இருந்தது. அவர்கள் நகர மறுத்தார்கள். ஒருவர் தன் அட்டையைத் தூக்கிக் காட்டி, "நான் பத்து மணிலருந்து நிக்கிறேன்" என்றார்.

"நான் எட்டேகாலுக்கு வந்தேன். முதல் இடத்த விட்டுட்டு வந்து உங்ககிட்ட நிக்கிறேன்," என்றாள் நெல்டா. "நீங்க ரெண்டடி நகர்ந்தா போதும்."

அந்த மனிதர் அவளை ஒரு தியாகியைப் பார்ப்பது போலப் பார்த்துவிட்டு நகர்ந்தார். அவருக்குப் பின்னால் நின்றவர்களும் நகர்ந்தார்கள். கைக்குழந்தையோடு விமானத்துக்கு ஓட வேண்டியிருந்த ஒரு தம்பதியை அவள் தேடிப் பிடித்து அடுத்த பஸ்ஸில் ஏற்றினாள். அதற்கடுத்த பஸ்ஸில் சக்கர நாற்காலிக்காரர்கள். யாரோ அவளுக்கு ஆரஞ்சு அங்கி ஒன்றை மாட்டிவிட்டார்கள். பத்து நிமிஷம் எப்போதோ போய்விட்டிருந்தது. அவள் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. அவள் கடிகாரத்தைப் பார்க்காத நேரம் என்று அவள் வாழ்க்கையில் வேறு எதையும் சொல்ல முடியுமா என்று தெரியவில்லை.

மூன்றே முக்காலுக்குக் கதவு திறக்கப் போகிறது என்று அறிவித்தார்கள். ஹாலிஸ் நடந்து வந்தார். அந்த மனிதர் கொஞ்சம் வேகமாகவே நடந்து வந்தார்.

"நெல்டா, கதவத் திறக்கிறான். வா."

நெல்டா கதவைப் பார்த்தாள். இன்னும் எழுநூறு எண்ணூறு பேர் பெட்டியோடு நடைபாதையில் நின்றார்கள். மரிசெலாவின் ஆள் இன்னும் பாலத்தில்தான் இருந்தார்.

"நீங்க போங்க," என்றாள்.

"மூணு வாரமா என்னத் தூங்க விடல நீ. முதல் கால் உன் கால்னு சொன்ன."

"சொன்னேன். இப்ப பதினாலாம் நம்பர் தப்பான பக்கம் திரும்பறான், ஒரு நிமிஷம் இரு." ரேடியோவில் பேசி முடித்துவிட்டு, கழுத்துப் பையிலிருந்து இரண்டு பாஸ்போர்ட்டை எடுத்து அவர் கையில் வைத்தாள். "போய் மேசையப் பிடி. ஜன்னலோரமா."

"என்ன சொல்றதுன்னே தெரியல எனக்கு."

"ஒண்ணும் சொல்லாத. நட."

நடந்ததை ட்வைலா பிற்பாடு லிபர்ட்டியிலும் பேடவுனிலும் எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறாள். கதவு திறந்ததும் டெல்மர் நாற்காலியை மடக்கினார். அவருக்கு முன்னால் யாரும் இல்லை. ஆனாலும் அவர் நகரவில்லை. "முதல் இடம் கிரைம்ஸ் வீட்டுக்காரங்களோடது. நான் பாத்துக்கறேன்னு சொன்னவன்" என்று ஹாலிஸுக்கு வழிவிட்டார். ஆக, தன் கல்யாணத்துக்கே இருபது நிமிஷம் பிந்தி வந்த ஹாலிஸ் கிரைம்ஸ், மூவாயிரம் பேரில் முதல் ஆளாகக் கோரல் டச்சஸில் கால் வைத்தார். உள்ளே சிப்பந்திகள் இரண்டு வரிசையாக நின்று கை தட்டினார்கள். ஒருவன் எக்காளம் ஊதினான். ஹாலிஸ் யாருக்காகத் தட்டுகிறார்கள் என்று திரும்பிப் பின்னால் பார்த்தார். அந்த நொடியில் புகைப்படக்காரர் படம் எடுத்துவிட்டார். படத்தில் இருப்பது அவருடைய பிடரிதான்.

நெல்டா ஆறேகாலுக்கு ரேடியோவைத் திருப்பிக் கொடுத்தாள். நடைபாதை காலியாக இருந்தது. ஒரு குழந்தையின் ஒற்றைச் செருப்பும் நிறைய காகிதக் கோப்பைகளும் கிடந்தன. மரிசெலா அவளைக் கட்டிக்கொண்டு, போன் எண்ணை எழுதி வாங்கிக்கொண்டாள். முன்னுரிமை வாசலைப் பூட்டிவிட்டிருந்தார்கள். நெல்டா பொது வாசல் வழியாகப் போனாள். மேசையில் இருந்த பெண் அவளுடைய அட்டையைப் பார்த்துவிட்டு வருத்தத்தோடு, "மேடம், தங்க அட்டை வச்சுக்கிட்டு இவ்வளவு லேட்டா வந்திருக்கீங்களே, எப்ப வேணாலும் வந்திருக்கலாமே" என்றாள்.

"ட்ராஃபிக்," என்றாள் நெல்டா.

கப்பலுக்குப் போகிற நடைபாலத்தில் பாதி தூரம் போனதும் அவள் நின்று திரும்பிப் பார்த்தாள். பின்னால் யாருமே இல்லை. இப்படிக் கடைசி ஆளாக அவள் எங்கேயும் நின்றதில்லை. வெட்கமாக இருக்கும் என்று எதிர்பார்த்தாள். வெட்கமாக இல்லை. டிப்போவில் கடைசிப் பஸ் உள்ளே வந்து விளக்கை அணைத்த பிறகுதான் அவள் வீட்டுக்குப் போவாள். இருபத்தொன்பது வருஷமும் அப்படித்தான். கால் வலித்தது. பசித்தது. ஆனால் நாற்பத்தேழும் திரும்பி வந்துவிட்ட ஒரு வெள்ளிக்கிழமை மாலையைப் போல மனசு லேசாக இருந்தது.

அவள் ஏறியதும் பாலத்தை இழுத்துக்கொண்டார்கள். யாரும் கை தட்டவில்லை. எக்காளம் ஊதியவன் எங்கேயோ சாப்பிடப் போயிருந்தான்.

ஹாலிஸ் ஜன்னலோர மேசையை இரண்டரை மணி நேரமாகப் பிடித்து வைத்திருந்தார். நாலு பேர் வந்து கேட்டும் கொடுக்கவில்லையாம். ஒரு தட்டில் அவளுக்காக வறுத்த மீனும் மக்காச்சோள ரொட்டியும் எடுத்து, மேலே இன்னொரு தட்டைக் கவிழ்த்து மூடி வைத்திருந்தார். எதிரே ட்வைலாவும் டெல்மரும் உட்கார்ந்திருந்தார்கள்.

நெல்டா உட்கார்ந்து செருப்பைக் கழற்றினாள். "எப்படி இருந்துச்சு, முதல் ஆளா போனது?"

ஹாலிஸ் நியாயமாக யோசித்துச் சொன்னார். "பெரிசா ஒண்ணும் வித்தியாசமில்ல நெல்டா. சூப் கொஞ்சம் சூடு ஜாஸ்தி."

டெல்மர் தலையை ஆட்டினார். "அவருக்கு அந்த அருமை தெரியல மேடம்," என்றார். "நீங்க வந்திருக்கணும்."

அந்த வருஷம் அக்டோபரில் மரிசெலா போன் செய்தாள். பனிக்காலத்தில் வாரக் கடைசியில் பஸ்களை ஒழுங்குபடுத்த ஆள் வேண்டும், நீங்கள் வருவீர்களா என்று கேட்டாள். நெல்டா யோசித்துச் சொல்வதாகச் சொல்லிவிட்டு, போனை வைப்பதற்கு முன்பே ஒத்துக்கொண்டாள். இப்போது நவம்பர் முதல் மார்ச் வரை சனி ஞாயிறுகளில் அவளைக் கால்வெஸ்டன் துறைமுக வாசலில் பார்க்கலாம். வேலை ஏழு மணிக்கு. எத்தனை மணிக்குப் போகிறாள் என்று சொல்ல வேண்டியதில்லை. கொண்டுபோய் விடுகிறவர் ஹாலிஸ் என்பதால், அந்த மனிதருக்கும் வேறு வழியில்லாமல் விடியலைப் பார்க்கிற பழக்கம் வந்துவிட்டது. சூரியன் இவ்வளவு சீக்கிரம் எழுந்து என்ன சாதிக்கிறது என்று கேட்பார்.

காலையிலேயே வந்து நிற்கிற பயணிகளை, "உங்களுக்கு மணி என்ன போட்டிருக்கு, இப்ப மணி என்ன?" என்று நெல்டா அதட்டுவாள். அதட்டிவிட்டு அவர்களுக்கு உட்கார நாற்காலி போடச் சொல்வாள். டெல்மர் பழையபடி எட்டே முக்காலுக்கு முதல் இடத்தில் நிற்கிறார்.

போன ஏப்ரலில், வேலை முடிந்த மாதம், அவளும் ஹாலிஸும் மறுபடி ஒரு பயணம் போனார்கள். இந்த ஒரு முறை நான் சொல்கிற நேரத்துக்கு வா என்று ஹாலிஸ் கேட்டுக்கொண்டார். மத்தியானம் சாப்பிட்டு, குட்டித் தூக்கம் போட்டு, இரண்டரைக்குத் துறைமுகம் போனார்கள். வரிசை என்று ஒன்றே இல்லை. வாசலிலிருந்து கப்பல்வரை நாலே நிமிஷம். ஹாலிஸ் வெற்றிப் புன்னகையோடு மேல்தளத்தில் நின்று கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். நெல்டா கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தாள்.

"ஏறின மாதிரியே இல்ல ஹாலிஸ்," என்றாள்.